வண்டி நின்ற பிறகு



நம் ஆஸ்பத்திரி ஊழியத்தைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவரும் அன்பர் ஒருவர் அண்மையில் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். காலஞ்சென்ற தம் தாயாரின் நினைவாக ஒரு புதிய ஆம்புலன்ஸ் வண்டி வாங்கித்தர அவருக்கு விருப்பம். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வியும் இருந்தது. "அரசாங்கத்தின் 108 வண்டி கூப்பிட்ட நேரத்துக்கு வருகிறதே; இனி மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தனியாக ஆம்புலன்ஸ் எதற்கு என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்லட்டும்?"

பிள்ளைகள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. மற்ற அன்பர்களுக்கும் இதே கேள்வி இருக்கக்கூடும் என்பதால் இந்த இதழின் பாடத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில் அந்த வார்த்தையைப் பார்ப்போம். (செமினரியில் படித்தவர்களுக்கு எதையும் சொல்லின் வேரிலிருந்து தொடங்கும் பழக்கம் போகாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆம்புலன்ஸ் என்பதன் வேர் லத்தீன் மொழியில் 'நடத்தல்' என்று பொருள்படும் சொல். பிரெஞ்சுக்காரர்கள் போர்க்களத்துக்குப் பின்னால் இடம்பெயர்ந்துகொண்டே இருந்த ஆஸ்பத்திரியை 'நடமாடும் ஆஸ்பத்திரி' என்றார்கள். அதுவே சுருங்கி ஆம்புலன்ஸ் ஆயிற்று. அதாவது முதலில் அது ஒரு வண்டியின் பெயரே அல்ல. வைத்தியர், உதவியாள், மருந்து, கட்டுத்துணி எல்லாம் சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரியின் பெயர்.

1792-ஆம் ஆண்டில் டொமினிக் ழான் லாரே என்ற பிரெஞ்சு இராணுவ அறுவை மருத்துவர் இதில் ஒரு பெரிய மாற்றம் செய்தார். அதற்கு முன்பெல்லாம் சண்டை ஓயும்வரை காயம்பட்டவன் கிடந்த இடத்திலேயே கிடக்கவேண்டும். லாரே விரைந்து ஓடும் குதிரை வண்டிகளைச் சண்டை நடக்கும் இடத்துக்கே அனுப்பி ஆட்களை எடுத்துவரச் செய்தார். இன்னொன்றும் செய்தார்: படைத்தலைவனா சிப்பாயா என்று பாராமல், யாருக்குக் காயம் ஆபத்தானதோ அவனுக்கே முதல் சிகிச்சை என்று விதித்தார். அவருடைய 'பறக்கும் ஆம்புலன்ஸ்' என்பது வண்டி, மருத்துவர், எடுத்துவந்தபின் பராமரிக்கும் ஆட்கள் எல்லாம் அடங்கிய ஒரே ஏற்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், கிரீமியப் போர்க்காலத்தை ஒட்டித்தான், ஆங்கிலத்தில் அந்தப் பெயர் வண்டிக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. பெயரோடு சேர்ந்து நம் எண்ணமும் சுருங்கிப் போயிற்று என்றே சொல்லவேண்டும்.

எவ்வளவு சுருங்கிற்று என்பதற்கு அமெரிக்காவையே பார்க்கலாம். 1960-களில்கூட அந்நாட்டின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் யார் தெரியுமா? சவ அடக்கம் நடத்தும் தொழில் செய்தவர்கள். ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும்படியான நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. பிட்ஸ்பர்க் நகரில் போலீஸ் வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவார்கள். பின்னால் நோயாளியோடு உட்கார்ந்துவர ஆள் கிடையாது. 1967-இல் அந்நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய டாக்டர் பீட்டர் சாஃபர், வேலையின்றி இருந்த கறுப்பின மக்களைத் தேர்ந்தெடுத்து, முந்நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் பயிற்சி கொடுத்தார். வழியிலேயே மூச்சைக் காக்கவும் இருதயத்தைக் கவனிக்கவும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1975-இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியபோது ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. ஆனால் வண்டிக்குள் ஒரு சிகிச்சை நடக்கவேண்டும் என்ற எண்ணத்தை அதற்குப் பிறகு யாராலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் பக்கத்துக் கதை உங்களுக்கே தெரியும். கயிற்றுக் கட்டிலோடு நான்குபேர் தூக்கிவந்த காலத்தை எங்களில் மூத்தவர்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். பிறகு மாட்டுவண்டி, பிறகு ஜீப். எங்கள் ஜீப்பின் பக்கவாட்டில் சிவப்புச் சிலுவை வரைந்து, நன்கொடையாளர் பெயரும் எழுதியிருந்தது. அதே ஜீப்தான் சந்தைக்குப் போய் ஆஸ்பத்திரி சமையலுக்கு அரிசியும் ஏற்றிவரும். ஞாயிறு மாலையில் கிராம ஊழியத்துக்கும் போகும். அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் பிரசவ கேசுக்கு ஓடிய நாட்கள் உண்டு.

2005-இல் ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவை 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. இதைப்பற்றி நாங்கள் குறைவாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. காசு கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. பயிற்சி பெற்ற உதவியாளர் பின்னால் உட்கார்ந்து வருகிறார். ஏழைக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, வாடகைக் காருக்காகக் கம்மலை அடகு வைத்த தாய்மார்களைக் கண்ட நாங்கள் அறிவோம். ஆனால் அந்த வண்டியின் கடமை ஒரு இடத்தில் முடிகிறது. நோயாளியை ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினதும் அது புறப்பட்டாகவேண்டும். அடுத்த அழைப்பு காத்திருக்கிறது. அது நிற்கக்கூடாது, நிற்பதும் தவறு. வண்டி போன பிறகு என்ன ஆகிறது என்பதே இன்றைய நம் பாடம்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பையன்.

2011-ஆம் ஆண்டு மழைக்காலம். எங்கள் சுற்றுவட்டாரத்துக் கிராமம் ஒன்றில் தரையில் பாய்விரித்துப் படுத்திருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. இந்தப் பாம்பின் கடி பெரும்பாலும் இராத்திரியில்தான். அதிக வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. கடித்ததே தெரியாமல் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். சிறிது நேரத்தில் கண் இமை தொங்கும், விழுங்க முடியாது, பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் தசைகள் செயலற்றுப் போகும். விஷமுறிவு மருந்து வேண்டும்; ஆனால் நரம்பு செயலிழந்த பிறகு மருந்து மட்டும் போதாது, செயற்கை சுவாசம் கொடுத்தாகவேண்டும். கொடுத்தால் சில நாளில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கும். கொடுக்காவிட்டால் இல்லை. இடையில் வேறு வழி கிடையாது.

அந்தப் பிள்ளையை முதலில் பக்கத்திலிருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மருந்து இல்லை. அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் விஷமுறிவு மருந்து ஏற்றி, வென்டிலேட்டர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அடுத்ததாகப் போன தனியார் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் காலியில்லை. வண்டி எங்களிடம் திரும்பியது. வழியெல்லாம் பையனின் மாமா ஆம்பு பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் வாசலுக்கு வந்தபோது விடிய இரண்டு மணி நேரம் இருந்தது. எங்களிடம் அப்போது இருந்தது இரண்டே வென்டிலேட்டர். இரண்டிலும் ஆட்கள். எங்கள் டாக்டரும் சிஸ்டர்களும் முறைவைத்துப் பையை அமுக்கினார்கள். ஒரு மணி நேரம் சென்று ஒரு வென்டிலேட்டரைக் காலிசெய்யவும் செய்தார்கள். ஆனால் வழியில் எங்கேயோ, வண்டி மாறும்போதோ ஸ்டிரெச்சர் மாறும்போதோ, மூச்சு தடைப்பட்டிருக்கிறது. மறுநாள் மாலை பிள்ளை போய்விட்டது.

தகப்பனாரோடு நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அவர் அழவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "போன் அடிச்சோம் ஐயா. உங்க போர்டுல இருக்கிற நம்பருக்குத்தான். மூணு தரம் அடிச்சாங்க. யாரும் எடுக்கலை" என்றார்.

விசாரித்துப் பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. பெயர்ப்பலகையில் எழுதியிருந்த எண் ஆபீஸ் அறைத் தொலைபேசியின் எண். எஸ்.டி.டி. பில் ஏறுகிறது என்று என்றைக்கோ ஒரு காலத்தில் மாலை ஆறு மணிக்கு ஆபீஸைப் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கிற வழக்கம் ஏற்பட்டிருந்தது. செல்போன் வந்து, பில் பிரச்சினையெல்லாம் போய், பல வருஷம் ஆனபிறகும் பூட்டுகிற வழக்கம் மட்டும் நின்றது. பூட்டிய அறைக்குள் அந்த இரவு மூன்று தரம் மணி அடித்திருக்கிறது. யாராவது எடுத்திருந்தால் வென்டிலேட்டரை முன்கூட்டியே காலிசெய்து வைத்திருக்கலாம். அல்லது, இங்கே வராதீர்கள், நேரே மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். பிள்ளை பிழைத்திருக்குமா என்று எங்களால் சொல்ல முடியாது. டாக்டர்களும் சொல்லவில்லை.

நண்பர்களே, அந்த இரவில் வண்டிக்குக் குறைவில்லை. ஒன்றல்ல, இரண்டு வண்டிகள் மாறி மாறி ஓடின. மருந்தும் ஏறியது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடங்களில்தான் பிள்ளை நழுவியது.

இது எங்கள் துக்கத்தில் தோன்றிய எண்ணம் மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் மாரடைப்பு நோயாளிகளுக்காக டாக்டர் தாமஸ் அலெக்ஸாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி முதலானோர் ஓர் ஏற்பாட்டை நடத்திப் பார்த்தார்கள். சக்கரத்தின் குடத்தையும் ஆரங்களையும் போல, இருதயக் குழாயைத் திறக்கும் வசதியுள்ள 4 பெரிய ஆஸ்பத்திரிகளோடு 35 சிறிய மருத்துவ நிலையங்களை இணைத்தார்கள். நெஞ்சுவலி என்று வருபவருக்குச் சிறிய நிலையத்திலேயே இ.சி.ஜி. எடுத்து, அந்தப் படம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்துவிட்டு, 108 வண்டியில் ஏற்றி, இன்னார் வருகிறார் என்று சொல்லியனுப்புவார்கள். 2,420 நோயாளிகளைப்பற்றிய அந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6, ஏற்பாட்டுக்குப் பின் 14.2. அதாவது நூறுபேரில் மூன்று நான்கு பேர். அந்த மூன்று நான்கு பேரை உயிரோடு வைத்தது புதிதாகக் கண்டுபிடித்த மருந்து அல்ல. இருந்த மருந்தையும் இருந்த வண்டியையும் இருந்த ஆஸ்பத்திரிகளையும் ஒரு நூலில் கோத்ததுதான்.

அதே காலத்தை ஒட்டி அரசாங்கமும் விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கென்று ஒரு திட்டத்தைத் தொடங்கி, நோயாளி வந்துசேருமுன்பே ஆஸ்பத்திரிக்குத் தகவல் போகும் முறையை ஏற்படுத்தியது. வந்தவுடன் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆபத்தின் அளவுப்படி பிரிக்கிறார்கள். லாரே இருநூறு வருஷத்துக்கு முன் சொன்னதுதான். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவையும் அரசே ஏற்றுக்கொண்டது. ஆள் யார், பணம் யார் கட்டுவார் என்ற கேள்வியில் வாசலில் கழிந்துபோகும் நிமிஷங்களை இது மிச்சப்படுத்துகிறது.

இந்த இடத்தில் நல்ல சமாரியனை நினைக்காமல் எங்களால் போகமுடியாது. நாட்டின் சட்டமே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறது. சாலையில் அடிபட்டவனைத் தூக்கிவிடுகிறவரை வழக்கில் இழுத்து அலைக்கழிக்கக்கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் வழிவகுத்தது, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் அது பிரிவாகவே சேர்ந்தது. ஆனால் அந்த உவமையைப்பற்றிய பிரசங்கங்களில் பெரும்பாலானவை (நாங்கள் செய்தவையும் அடக்கம்) காயம்பட்டவனை வாகனத்தில் ஏற்றியதோடு முடிந்துவிடுகின்றன. லூக்கா அங்கே முடிக்கவில்லை. அவன் சத்திரம் வரை கூடப்போகிறான். அன்றிரவு தங்கிப் பார்த்துக்கொள்கிறான். மறுநாள் சத்திரக்காரன் கையில் பணம் கொடுத்து ஆளை ஒப்படைக்கிறான். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்கிறான். அந்தக் கடைசி வார்த்தையில் அவன் திரும்பி வரப்போகிறான் என்பதும் அடங்கியிருக்கிறது. நம் தமிழில் 'கைமாற்று' என்று ஒரு சொல் உண்டு. திருப்பிக் கேட்போம் என்ற நம்பிக்கையில் கைக்குக் கை கொடுக்கிற கடன். நோயாளியை ஒப்படைப்பதும் அப்படிப்பட்ட ஒரு கைமாற்று என்று எங்களுக்குத் தோன்றுகிறது. கொடுத்தவன் திரும்ப வந்து கேட்கவேண்டும்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு நாங்கள் செய்தது மிக எளிய காரியம். தொலைபேசியை ஆபீஸிலிருந்து பிடுங்கி அவசரப் பிரிவில் வைத்தோம். பக்கத்தில் ஒரு ரெஜிஸ்டர். அழைப்பு வந்தால் நான்கு காரியம் எழுதவேண்டும்: யாருக்கு என்ன, எப்போது தொடங்கியது, என்ன கொடுத்தீர்கள், எத்தனை நிமிஷத்தில் வருவீர்கள். எங்களால் ஏற்க முடியாவிட்டால், முடியாது என்று வைத்துவிடக்கூடாது. எங்கே இடமிருக்கிறது என்று நாங்களே விசாரித்துச் சொல்லவேண்டும். இந்தக் கடைசி விதியை நிறைவேற்றத்தான் பெரும்பாடாயிற்று. இரவுப்பணி சிஸ்டர் ஊசி போடுவாரா, நாலு ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவாரா?

மறுபாதிப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர். எட்டாம் வகுப்புக்குமேல் படிக்காதவர்.

ஒரு மாலையில் அவர் வண்டியை ஷெட்டில் விடப்போகும்போது, கேட்டருகே ஒரு பாட்டி கைப்பையோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார். இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, மூச்சுத் திணறி, பத்து நாளைக்கு முன் அவரே ஏற்றிவந்த பாட்டி. அன்று டிஸ்சார்ஜ் ஆகியிருந்தது. ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. "வரும்போது சைரன் போட்டுக் கூட்டியாந்தீக, போகும்போது நடந்தா போவேன் தம்பி?" என்று பாட்டி கேட்டாராம். அவர் வண்டியை எடுத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அனுமதி வாங்கவில்லை, டீசல் கணக்கில் மறுநாள் தகராறு வந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

மூன்று வாரம் கழித்து அதே பாட்டியை அதே மூச்சுத் திணறலோடு மறுபடியும் ஏற்றிவந்தார். விஷயம் இதுதான்: நீர் பிரியக் கொடுத்த மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. வாங்க டவுனுக்குப் போக ஆளில்லை. அதோடு, உப்பைக் குறைக்கச் சொன்னதைப் பாட்டி சோற்றில் மட்டும் குறைத்துவிட்டு, கருவாட்டையும் ஊறுகாயையும் தாராளமாகச் சாப்பிட்டிருக்கிறார். அன்று முதல் டிரைவர் சட்டைப்பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைக்க ஆரம்பித்தார். யாரை எந்த ஊரிலிருந்து ஏற்றினோம், எப்போது வீட்டுக்குப் போனார், மறுபடி எப்போது டாக்டரைப் பார்க்க வரவேண்டும். அந்தப் பக்கம் வண்டி போகும்போது இறங்கி எட்டிப் பார்ப்பார். மாத்திரை அட்டையை எண்ணுவார். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அரசாங்கமும் இந்தத் திரும்புகிற வழியை உணர்ந்திருக்கிறது. 2011-இல் வந்த தாய்சேய் நலத் திட்டத்தின்படி பிரசவத்துக்கு வருவதற்கு மட்டுமல்ல, பிள்ளையோடு வீடு திரும்பவும் இலவச வண்டி உண்டு. 102-ஐ அழைத்த தாய்மார் பலர் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள். பிரசவத்துக்குக் கிடைத்த இந்த நியாயம் இருதய நோயாளிக்கும் பக்கவாதம் வந்தவருக்கும் இன்னும் முழுவதும் கிடைக்கவில்லை.

வெளிநாடுகளில் இதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று வாசித்தபோது எங்கள் டிரைவரின் நோட்டுப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் லாங், பிரையர் என்று இரண்டு சிறு தீவுகள். படகேறித்தான் போகவேண்டும், குடியிருக்கும் டாக்டர் கிடையாது. ஆம்புலன்ஸ் ஆட்கள் மட்டும் இரவும் பகலும் அங்கே இருந்தார்கள், அழைப்போ குறைவு. 2000-களின் தொடக்கத்தில் அவர்களையே வீடுவீடாக அனுப்பி, இரத்த அழுத்தம் பார்க்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடவும் தடுப்பூசி போடவும் வைத்தார்கள். அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகர ஆம்புலன்ஸ் சேவை, தன் கணக்கைப் புரட்டியபோது, விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே ஓராண்டில் பல நூறு முறை அழைத்திருப்பதைக் கண்டது. அவர்களைத் திட்டி அனுப்பாமல் 2009 முதல் அவர்கள் வீட்டுக்கே போய், என்ன குறை என்று கேட்டுத் தீர்க்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் 2005-இல் பீட்டர் பிராட்லி தலைமையில் வெளிவந்த அரசு அறிக்கை, ஆம்புலன்ஸ் என்பது நோயாளியை மருத்துவத்திடம் கொண்டுசெல்வது மட்டுமல்ல, மருத்துவத்தை நோயாளியிடம் கொண்டுசெல்வதும்தான் என்ற திசையைக் காட்டியது. பழைய பிரெஞ்சுச் சொல்லின் அர்த்தம் திரும்பி வந்துவிட்டது!

ஆனால் பணம் எங்கே தடுக்கிறது என்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு, ஆளை ஏற்றிக்கொண்டு போனால்தான் ஆம்புலன்சுக்குப் பணம் கொடுக்கும். வீட்டிலேயே பார்த்துச் சரிசெய்துவிட்டு வந்தால் கொடுக்காது. ஆகவே ஏற்றவேண்டாதவர்களையும் ஏற்றினார்கள். இதை மாற்றிப்பார்க்க 2021 ஜனவரியில் ஐந்தாண்டுப் பரிசோதனை ஒன்றைத் தொடங்கி, எதிர்பார்த்தபடி சேவைகள் பங்கெடுக்காததால் 2023 இறுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். செல்வந்த நாட்டிலும் சக்கரத்துக்குக் கிடைக்கிற பணம் விசாரிப்புக்குக் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எங்கள் கதையும் அதுவே. கடந்த வருடங்களில் எங்களுக்கு வண்டிகள் கிடைத்தன, நன்றியோடு பெற்றுக்கொண்டோம். தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்காருகிற ஆளுக்குச் சம்பளம் தருகிறேன் என்று எவரும் எழுதியதில்லை. குறை சொல்லவில்லை. வண்டியைப் போட்டோ எடுக்கலாம், ஜெபம்பண்ணி ரிப்பன் வெட்டலாம். இரவு இரண்டு மணிக்கு நாலு ஆஸ்பத்திரிக்குப் போன்செய்து ஐந்தாவதில் ஒரு கட்டில் பிடித்துக்கொடுத்ததை யார் போட்டோ எடுப்பார்?

நாங்கள் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். டிரைவரின் நோட்டைப் பார்த்து உற்சாகமடைந்து, வீடு சந்திப்புக்கும் ஆம்புலன்ஸ் வண்டியையே அனுப்பினோம். வாசலில் அந்த வண்டி நின்றாலே தெரு கூடிவிடுகிறது. ஒரு வீட்டில் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்களாம். உள்ளிருந்து பெரியவர், "நான் இன்னும் போகலைடா" என்று சத்தம்போட்டிருக்கிறார். சிரிப்போடு போகிற காரியமும் அல்ல. ஒருநாள் வண்டி மாத்திரை கொடுக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு பிரசவக் கேசுக்கு அழைப்பு வந்தது. 108 வந்து சேர்ந்ததால் தாயும் பிள்ளையும் தப்பினார்கள். அன்றே முடிவுசெய்தோம்: அவசர வண்டி அவசரத்துக்கே. வீடு சந்திப்புக்கு ஒரு சிஸ்டரும் ஒரு ஸ்கூட்டரும் போதும். ஆம்புலன்ஸ் சேவை விரிவடைய வேண்டும் என்று நாங்கள் சொல்வது, வண்டி எல்லா வேலையும் செய்யவேண்டும் என்பதல்ல. வண்டியில் ஏறிய ஆள் வீட்டில் நிலைப்படும் வரைக்கும் யாரோ ஒருவர் பெயர்சொல்லிப் பொறுப்பாயிருக்க வேண்டும் என்பதுதான்.

வாசகர்களும் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வீட்டில் வயதானவரோ நாள்பட்ட நோயாளியோ இருந்தால், கடைசி டிஸ்சார்ஜ் தாள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாத மருந்து, இரத்த வகை, கூப்பிடவேண்டிய பிள்ளையின் செல் நம்பர் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நிலைக்கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வையுங்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். பூட்டி வைத்ததால் வந்த வினையை மேலே எழுதியிருக்கிறோம்.

கடிதம் எழுதிய அன்பருக்கு நாங்கள் பின்வருமாறு பதில் அனுப்பியிருக்கிறோம். இப்போதுள்ள வண்டி டயர் மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். உமது தாயாரின் நினைவாக, தொலைபேசியண்டை இரவில் உட்காருகிற பொறுப்பாளர் ஒருவருக்கு மூன்று வருஷச் சம்பளம் தர இயலுமா என்று சிந்தியும். பெயர் எழுதுவதற்குப் பலகை எதுவும் எங்களிடம் இல்லை. இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை அவரிடமிருந்து பதில் வரவில்லை. பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறோம். இல்லை, வண்டிதான் கொடுப்பேன் என்றாலும் மறுக்கமாட்டோம். ஒரேயொரு வேண்டுகோள் வைப்போம்: வண்டியின் பக்கவாட்டில் தாயாரின் பெயருக்குக் கீழே, அவசரப் பிரிவின் தொலைபேசி எண்ணையும், இருட்டிலும் தெரிகிற பெயின்டில், பெரிதாக எழுத அனுமதிக்கவேண்டும்.